கதவுக்குப் பின்னால் டிப்பெட்

ஓட்டிஸ் டிப்பெட்டின் தொழில் விழுவது. மாடிப்படியிலிருந்து விழுவான், ஏணியிலிருந்து விழுவான், ஓடுகிற டிராமிலிருந்து விழுவான். எதுவும் கிடைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே விழுவான். சும்மா தொபுக்கென்று விழுந்தால் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? டிப்பெட் விழுவதில் ஒரு மரியாதை உண்டு. கால் வழுக்கியதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களிடம் உத்தரவு வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விழுவான். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் ஜனங்கள் சிரித்தது அந்தப் பார்வைக்கு. ஆனால் அடி வாங்கியதென்னவோ முதுகுதான்.

நாற்பது வயதை நெருங்கும்போது முதுகு எதிர்த்துப் பேச ஆரம்பித்தது. ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். டாக்டர் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மிஸ்டர் டிப்பெட், இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா எந்திரிக்க மாட்டீங்க.”

“கொஞ்சம் சின்னதா விழலாமா, டாக்டர்?”

“மெத்தையில விழுங்க. அதுவும் மெதுவா.”

இதை அவன் மனைவி ஐடாவிடம் மட்டும் சொன்னான். ஐடா ஒரு காலத்தில் மேடையில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டியவள். கணவன் விழுந்து பிழைத்தான் என்றால் அவள் விழாமல் பிழைத்தவள். படக் கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். விழ முடியாத டிப்பெட்டை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? அதனால்தான் மறுநாள் அவன் முதலாளி ஹெர்ஸின் அறைக்குப் போய், டைரக்டர் ஆகணும் என்று நின்றான்.

ஹெர்ஸ் ஊறுகாய் வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். சிரிப்புப் படம் எடுத்தே மலைமேல் பங்களா கட்டினார். அவர் சிரித்துத்தான் யாரும் பார்த்ததில்லை.

“டைரக்டரா? உன் முகத்துக்குத்தான்யா சம்பளம் கொடுக்கிறேன். அதைக் கொண்டுபோய் கேமராவுக்குப் பின்னால வெச்சா யார் பார்ப்பா?”

“முகம் பழசாயிடுச்சு முதலாளி. ஜனங்களுக்குச் சலிச்சுப்போறதுக்கு முன்னால நானே ஒதுங்கிக்கலாம்னு பார்த்தேன்.”

“விழறதுக்கு பயம் வந்துடுச்சா?”

“யாருக்கு, எனக்கா?” என்று டிப்பெட் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கே முதுகில் சுருக்கென்றது.

ஹெர்ஸ் சுருட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். “ரெண்டு ரீல் தர்றேன். ஒரே ஒரு படம். எடுத்ததும் க்ளெண்டேல்ல ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுவோம். சிரிச்சா நீ டைரக்டர். சிரிக்கலேன்னா மறுநாள் காலையில தொப்பியை மாட்டிக்கிட்டு மாடிப்படி மேல நிக்கணும். ஒப்பந்தம் ஞாபகம் இருக்கில்ல?”

ஐடா அன்று சாயங்காலம் பீன்ஸும் பன்றிக்கறியும் பரிமாறிக்கொண்டே கேட்டாள். “அப்ப சிரிக்க வெச்சே ஆகணும், இல்லையா?”

“வெச்சுடுவேன்.”

“வெச்சுடு. இல்லேன்னா உன்னைச் சக்கர நாற்காலியில வெச்சு நான்தான் தள்ளணும். எனக்கு ஒத்தைச் சக்கரந்தான் பழக்கம், நாலு சக்கரமெல்லாம் வராது.”

படத்தின் கதை சின்னதுதான். ஒரு வீட்டுக் கூடத்தில் கல்யாணம். மணப்பெண் தயார், மாப்பிள்ளை தயார், கேக் தயார். பாதிரியார் வரவேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதற்குள் கூடத்தில் நடக்கிற கூத்துதான் படம். மணப்பெண்ணாக நெல் ஹாகெட் என்ற பெண்ணைப் போட்டார்கள். கான்சாஸ் பக்கம் கூடார நாடகங்களில் நடித்து வந்தவள். எதையும் மெதுவாகச் செய்வாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால், முதலில் நாற்காலியை நம்பலாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு நேரம் எடுத்துக்கொள்வாள். டிப்பெட்டுக்கு அதைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

“தள்ளும்மா, நான் செஞ்சு காட்டுறேன்.”

மணப்பெண் எப்படி வெட்கப்பட வேண்டும் என்று செய்து காட்டினான். மாப்பிள்ளை எப்படிக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்ய வேண்டும் என்று செய்து காட்டினான். மாமியார் மயங்குவது, குண்டு மாமா கேக்கைத் திருடுவது, எல்லாவற்றையும் தானே செய்து காட்டினான். வீட்டு நாய்க்குக்கூட எப்படித் திரும்பிப் பார்க்க வேண்டுமென்று கழுத்தைத் திருப்பிக் காட்டினான். நாய் மட்டுந்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கேமரா ஓடும்போதும் அவன் வாய் ஓயாது. ஊமைப் படத்தில் அது ஒரு சௌகரியம், டைரக்டர் தொண்டை கிழியக் கத்தலாம். “தொப்பியைக் கழற்று, நெஞ்சுல வை, இப்ப பாரு, பாரு, ம், போ!” என்று கத்திக்கொண்டே இருந்தான்.

நெல் ஒருநாள் காபி இடைவேளையில் மெதுவாகச் சொன்னாள். “மிஸ்டர் டிப்பெட், நீங்க செஞ்சா எனக்குச் சிரிப்பு தாங்கலை. அதையே நான் செஞ்சா, நீங்க செஞ்சதுதான் ஞாபகம் வருது.”

“ஞாபகம் வந்தா நல்லதுதானே?”

“நீங்கதான் டைரக்டர். சொன்னபடி செய்றேன்,” என்றாள் அவள். சொன்னபடியே செய்தாள். எல்லோருமே சொன்னபடி செய்தார்கள். வினை அங்கேதான்.

க்ளெண்டேல் கொட்டகையில் சனிக்கிழமை முதல் காட்சி. அதற்கு முன்னால் ‘புதுப் படம்’ என்று மட்டும் சொல்லி இதைப் போட்டார்கள். திரையில் ‘ஓட்டிஸ் டிப்பெட்டின் டைரக்‌ஷனில்’ என்று எழுத்து வந்ததும் ஒரே கைதட்டல், விசில். டிப்பெட் கடைசி வரிசையில் ஐடாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

படம் ஓடியது. ஜனங்கள் டிப்பெட்டுக்காகக் காத்திருந்தார்கள். அவன் பெயரைப் படித்துவிட்டார்களே, அவன் வராமல் இருப்பானா? கதவு திறந்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தபால்காரன் வந்தான். சீ என்று சாய்ந்துகொண்டார்கள். மறுபடி கதவு திறந்தது, மறுபடி நிமிர்ந்தார்கள், அத்தை வந்தாள். போதாக்குறைக்கு அந்த அத்தையும் நெஞ்சில் தொப்பியை வைத்துக்கொண்டு உத்தரவு கேட்டாள். தபால்காரனும் அதையே செய்தான். மணப்பெண்ணும் செய்தாள். முன்வரிசையில் ஒரு பருத்த ஆள் பெண்டாட்டியிடம் கொட்டகைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “என்னடி இது, அத்தனை பேரும் டிப்பெட் மாதிரியே பண்றானுங்க, டிப்பெட்டை மட்டும் காணோம்?”

அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். டிப்பெட் முகத்தில் ஈயாடவில்லை. படம் முடிவதற்குள் பாதிக் கொட்டகை பாப்கார்ன் வாங்க வெளியே போயிருந்தது.

வாசலில் ஹெர்ஸ் காத்திருந்தார். கோபமெல்லாம் இல்லை, கணக்காகத்தான் பேசினார். “பாதிரியார் கடைசிவரைக்கும் வரலை இல்லை? திங்கட்கிழமை அந்தக் கதவு வழியா நீ வர்றே. பாதிரியார் வேஷம், உன் தொப்பி. மூணு படி உருண்டு நேரா கேக்குல விழறே. அதைச் சேர்த்தா படம் பிழைச்சுக்கும்.”

“முதலாளி, வேற யாரையாவது…”

“ஜனங்க உன்னைத்தானே கேட்டாங்க? உன் காதுலயும் விழுந்துச்சே.”

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். டிப்பெட் சொல்லவில்லை. ஜனங்கள் உன்னைத்தான் கேட்டார்கள் என்ற வார்த்தை அவன் தொண்டையில் தேன் மாதிரி இறங்கிவிட்டது, அதுதான் நிஜம். மூன்று படிதானே என்று மனசு நைசாகப் பேசியது.

ஐடா ஏமாறவில்லை. வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வீசினாள். “ஓட்டிஸ், உனக்கு மூளை இருக்க வேண்டிய இடத்துல என்ன இருக்கு?”

“மூணு படி, ஐடா. நான் மூணு மாடியிலேர்ந்து விழுந்தவன்.”

“அப்ப முதுகு இருந்துச்சு. அவர்கிட்ட உண்மையைச் சொல்லு.”

“சொன்னா அன்னிக்கே வெளியே போகச் சொல்லிடுவாரு.”

“போகலாமே. நடந்து போகலாம். ரெண்டு கால்ல நடந்து போறவனைத்தான் எனக்குப் பிடிக்கும்.” சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். எழுந்து போய்ச் சமாதானம் சொல்லவும் தெரியவில்லை. அவ்வளவு பேர் அவன் பேரைச் சொல்லிக் கேட்டார்களே, அதை எப்படி விடுவது?

திங்கட்கிழமை மீசையை ஒட்டிக்கொண்டான். பாதிரியார் அங்கி, தொப்பி. கூடத்தில் கல்யாணக் கூட்டம் தயாராக நின்றது. கேமராக்காரன் வெண்டல் கேமராவைச் சுற்றும் கைப்பிடியில் கையை வைத்தபடி, “எப்ப நிறுத்தணும்?” என்று கேட்டான்.

“நான் ‘போதும்’னு சொல்ற வரைக்கும் சுத்து. நடுவுல நிறுத்தினே, கையை ஒடிச்சிடுவேன்.” வெண்டல் தலையாட்டினான். அந்தக் கம்பெனியில் இது வேதம். டைரக்டர் போதும் என்று சொல்லாமல் கேமராவும் நிற்காது, நடிப்பவனும் நிற்கக்கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் எரிகிற வீட்டில் நடிக்க வேண்டியதுதான். எத்தனையோ நல்ல சிரிப்பு அப்படித் தற்செயலாகக் கிடைத்திருக்கிறது.

டிப்பெட் மற்றவர்களைப் பார்த்தான். “நீங்கல்லாம் கதவைப் பார்த்துக்கிட்டு இருங்க. பாதிரியார் வரப்போறாரு. அவ்வளவுதான்.” தான் வருவதிலேயே நினைப்பாக இருந்ததால் அன்றைக்கு யாருக்கும் எதையும் செய்து காட்டவில்லை. சுற்றிக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் நின்றான். “ஓட்டு!” என்று கத்தினான். கைப்பிடி கடகடக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்கலாமென்று தொப்பியை நெஞ்சோடு அணைத்து, அரை அடி குனிந்தான்.

முதுகு பிடித்துக்கொண்டது.

அப்படி ஒரு வலி. கண்ணில் பூச்சி பறந்தது. குனிந்தவன் குனிந்தபடி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். ‘போதும்’ என்று சொல்ல வாயைத் திறந்தால் அலறல்தான் வரும், அலறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட முடிந்தது.

கூடத்தில் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெண்டல் சுற்றிக்கொண்டே இருந்தான். கதவு திறக்கவில்லை. இதற்கு என்ன செய்ய வேண்டுமென்று யாரும் சொல்லித்தரவில்லை, கத்துகிற குரலும் இல்லை. மாப்பிள்ளை தலையைக் கோதிக்கொண்டான். கோதியதைக் கலைத்துவிட்டு மறுபடி கோதினான். மாமியார் அழுகையைத் தொடங்கிவிட்டு, யாரும் வராததால் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். குண்டு மாமா நின்றபடியே தூங்கிப்போனார். நிஜமாகவே தூங்கினார் என்று பின்னால் சத்தியம் செய்தார்.

நெல்தான் நகர்ந்தாள். தனக்கே உரிய அந்த நிதானத்தோடு பாவாடையைத் தூக்கிக்கொண்டு படியேறி, கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு விரல் அகலம் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அங்கே பாதிரியார் வேஷத்தில் டிப்பெட் ஒடிந்த குடை மாதிரி நின்றான். வேர்த்து வழிய, போ போ என்று விரலால் சைகை காட்டினான். நெல் அவனைப் பார்த்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று யோசித்து, ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த பூச்செண்டிலிருந்து ஒரு பூவைப் பிடுங்கி மாப்பிள்ளையிடம் நீட்டினாள். நேரம் போவதற்காக.

படச்சுருள் தீர்ந்த பிறகுதான் வெண்டல் நிறுத்தினான். நெல் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, “யாராவது பலகை கொண்டாங்க, இவருக்கு முதுகு போயிடுச்சு,” என்றாள். பிறகு மறைக்க என்ன இருக்கிறது? பலகையில் படுத்தபடி டிப்பெட் ஹெர்ஸிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான்.

ஹெர்ஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். “ஏன்யா, செத்துத் தொலைச்சிருந்தா?”

“கேக்குல விழுந்துதான் செத்திருப்பேன், முதலாளி. நல்ல சாவுதான்.”

“வீட்டுக்குப் போ. வக்கீலை விட்டு ஒப்பந்தத்தை முடிச்சுக்கலாம்,” என்றார் ஹெர்ஸ். அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஹெர்ஸின் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. டிப்பெட்டைப் பலகையோடு தூக்கிக்கொண்டு போய்க் கம்பெனியின் சின்னத் திரை அறையில் கிடத்தினார்கள். ஐடாவும் கூடவே போனாள், ஒப்பந்தம் கிழிந்தால் கிழியட்டும் என்று ஹெர்ஸோடு சண்டை போடத் தயாராக. விளக்கணைத்து, திங்கட்கிழமை எடுத்ததைப் போட்டார்கள். சாத்திய கதவு. கதவைப் பார்க்கும் முகங்கள். கைக்குட்டை மடிகிறது. மாமா தூங்குகிறார். நெல் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தி, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தபோது, இருட்டில் யாரோ இருமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஹெர்ஸ். அவர் சிரிப்பு அப்படித்தான் இருந்தது, துருப்பிடித்த பம்பு மாதிரி. பழக்கம் இல்லாததால் மனிதருக்கு நிறுத்தவும் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது எப்படி எடுத்தே?” என்று கேட்டார்.

“நான் எடுக்கலை முதலாளி. நான் கதவுக்குப் பின்னால இருந்தேன்.”

“அப்ப மிச்சத்தையும் கதவுக்குப் பின்னால இருந்தே எடு. க்ளெண்டேல்ல திருப்பிப் போடுவோம். இதுதான் கடைசி, ஓட்டிஸ். ஜனங்க சிரிக்கலேன்னா உன்னை வெச்சுக்க எனக்கு வழி இல்லை.”

பாதிப் படத்தைத் திரும்ப எடுத்தார்கள். டிப்பெட் தோல் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஐடா பின்னல் ஊசிகளோடு உட்கார்ந்தாள். “நெல், நீ கேக்கைப் பார்க்கிறே, உனக்குப் பசி. ஆனா கல்யாணப்பொண்ணு,” என்று சொல்வான். அதோடு நிறுத்த வேண்டும். எப்படிப் பார்க்க வேண்டுமென்று செய்து காட்ட எழுந்திருக்கப் போனால், ஐடா கோட்டைப் பிடித்து இழுப்பாள். மீறினால் ஊசியால் ஒரு குத்து. பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது இருக்கிறதே, மாடிப்படியில் உருள்வதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நெல் மட்டும் நாளுக்கு நாள் நன்றாகச் செய்தாள். அவன் கனவிலும் யோசிக்காததையெல்லாம் செய்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்தது.

மறுபடி க்ளெண்டேல், மறுபடி சனிக்கிழமை. அவன் பெயர் வந்ததும் அதே கைதட்டல். படம் தொடங்கி, தபால்காரன் வந்தபோது ஜனங்கள் நிமிர்ந்து பார்த்து ஏமாந்தார்கள். ஆனால் அவர்களோடு சேர்ந்து திரையில் நெல்லும் ஏமாந்தாள். கொட்டகையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அத்தை வந்தபோது அது பெரிதானது. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ‘இப்ப வருவான்’ என்று ஜனங்களே கத்த ஆரம்பித்தார்கள். வரவில்லை. வராதது கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். படத்துக்குப் பியானோ வாசிக்கிற அம்மாள் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தாள். இருட்டில் எங்கேயோ ஹெர்ஸ் இருமினார்.

“ஓட்டிஸ், கேக்குதா?” என்று ஐடா காதோடு சொன்னாள். “ஜெயிச்சுட்டே. நீ இனிமே விழ வேண்டாம்.”

அவன் கன்னம் ஈரமாக இருந்ததை ஐடா தொட்டுப் பார்த்தாள்.

“முதுகு வலிக்குதா?”

“இல்லை. நான் இல்லாமலே சிரிக்கிறாங்க, ஐடா.”

“அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டே?”

“அதுக்குத்தான். ஆனாலும் வலிக்குது.”

திரையில் அந்தக் கடைசிக் காத்திருப்பு வந்துவிட்டது. கைக்குட்டை மடிந்தது, மாமா தூங்கினார், நெல் பாவாடையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அங்கேயே நின்று தெரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். ஒரு முதுகுவலிக்காரன், குனிந்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நெல் கதவில் கை வைத்தபோது, மற்ற எல்லோரையும் போல டிப்பெட்டும் இருக்கையின் நுனிக்கு வந்து, முன்னால் இருந்தவரின் தோளுக்கு மேலே எக்கி, டிப்பெட் வருகிறானா என்று பார்த்தான்.